இங்கே மழையே இல்லை, ஆனாலும் அருவியில் குளிக்க ஏன் தடை? கோவை குற்றாலம் முதல் பஞ்சலிங்கம் வரை முழு விளக்கம்

ஞாயிற்றுக்கிழமை காலை. கோவையில் பளிச்சென்று வெயில். துண்டு, மாற்றுத் துணி, புளிசாதம் எல்லாம் கட்டிக்கொண்டு, குழந்தைகளோடு முப்பது கிலோமீட்டருக்கு மேல் வண்டி ஓட்டி சாடிவயல் வந்து சேர்ந்தால், சோதனைச்சாவடியில் அறிவிப்பு தொங்குகிறது: 'வெள்ளப்பெருக்கு காரணமாக அருவிக்குச் செல்லத் தடை'.

"இங்க ஒரு சொட்டு மழை இல்லீங்களே, அப்புறம் எதுக்குங்க தடை?" ஒவ்வொரு மழை சீசனிலும் வனத்துறை ஊழியர்கள் கேட்டுக் கேட்டுச் சலித்த கேள்வி இது. கோவை குற்றாலம் மட்டுமல்ல, ஆழியாறு கவியருவி, திருமூர்த்திமலை பஞ்சலிங்க அருவி என எல்லா இடத்திலும் இதே பேச்சுதான்.

பதில் ரொம்ப எளிது. அருவியில் விழும் தண்ணீர், நீங்கள் நிற்கும் இடத்தில் பெய்த மழை அல்ல. மேலே, கண்ணுக்குத் தெரியாத காட்டில் பெய்த மழை. இந்த ஒரு விஷயம் புரிந்துவிட்டால், எப்போது போகலாம், எப்போது திரும்பி வந்துவிட வேண்டும் என்பது தானாகப் புரிந்துவிடும்.

கீழே வெயில், மேலே மழை: இது எப்படி?

கொங்கு நாட்டின் அமைப்பே அப்படி. மேற்குத் தொடர்ச்சி மலை கோவைக்கு மேற்கே சுவர் மாதிரி நிற்கிறது. வடக்கே நீலகிரி, தெற்கே ஆனைமலை, நடுவில் பாலக்காட்டுக் கணவாய். ஜூன் மாதம் தொடங்கும் தென்மேற்குப் பருவக்காற்று அரபிக்கடலில் இருந்து ஈரத்தைச் சுமந்து வந்து, மலையில் மோதி மேலே ஏறி, குளிர்ந்து, கொட்டித் தீர்க்கிறது. மலையைத் தாண்டி கோவை சமவெளிக்கு வரும்போது மிச்சம் இருப்பது குளிர்ந்த காற்றும் சாரலும்தான்.

அதனால்தான் கோவை நகரம் மழை மறைவுப் பகுதியாக இருக்கிறது. இங்கே ஒரு வருடம் முழுக்கப் பெய்வது சராசரியாக 600 முதல் 700 மில்லிமீட்டர் அளவுதான். அதே கோவை மாவட்டத்தில், வால்பாறை பக்கத்தில் இருக்கும் சின்னக்கல்லாறு 'தென்னிந்தியாவின் சிரபுஞ்சி' என்று பெயர் வாங்கிய ஊர். ஒரே மாவட்டம்தான், ஆனால் வானம் இரண்டு.

ஆகவே காந்திபுரத்தில் நின்று வானத்தைப் பார்த்து சிறுவாணி மலையின் நிலவரத்தைச் சொல்லவே முடியாது. சாடிவயலில் நின்று பார்த்தாலும் பல நேரம் தெரியாது. மேகம் மலை முகட்டுக்கு அந்தப் பக்கம் இருக்கும்.

திடீர் வெள்ளம் உருவாவது எப்படி?

ஒவ்வொரு அருவிக்கும் மேலே ஒரு நீர்ப்பிடிப்புப் பகுதி உண்டு. புனல் மாதிரி கற்பனை செய்துகொள்ளுங்கள். அகலமான வாய் மேலே காட்டில், குறுகிய மூக்கு கீழே அருவியில். வாயில் எங்கே ஊற்றினாலும் மூக்கு வழியாகத்தான் வந்தாக வேண்டும்.

கொஞ்சம் கணக்கு போட்டுப் பார்க்கலாம். ஒரு சதுர கிலோமீட்டர் பரப்பில் 1 மில்லிமீட்டர் மழை பெய்தால், அது 10 லட்சம் லிட்டர் தண்ணீர். ஒரு அருவிக்கு மேலே 5 சதுர கிலோமீட்டர் நீர்ப்பிடிப்புப் பகுதி இருப்பதாக வைத்துக்கொள்வோம். அங்கே ஒரு மணி நேரத்தில் 50 மில்லிமீட்டர் கொட்டினால் 25 கோடி லிட்டர். 12 ஆயிரம் லிட்டர் டேங்கர் லாரியில் ஏற்றினால் 20 ஆயிரம் லாரிக்கு மேல் வரும்.

இவ்வளவும் ஒரே நேரத்தில் கீழே வந்துவிடாது. கோடையில் காய்ந்து கிடக்கும் காட்டு மண்ணும், சோலைக்காடும், புல்வெளியும் முதல் மழையில் நிறைய உறிஞ்சிக்கொள்ளும். ஆனால் நான்கைந்து நாள் தொடர்ந்து பெய்து மண் ஊறிப்போன பிறகு, அடுத்து விழும் மழைக்கு உள்ளே போக இடமில்லை. மேலோட்டமாக வழிந்து ஓடையில் சேர்கிறது. சரிவு செங்குத்து என்பதால் வேகமும் அதிகம். முந்தின வாரம் பாதுகாப்பாக இருந்த அதே அருவி, அதே அளவு மழைக்கு இந்த வாரம் வெள்ளமாக மாறுவது இதனால்தான்.

இன்னொன்றும் உண்டு. ஓடையில் அடித்து வரும் மரக்கிளைகளும் கற்களும் குறுகிய இடத்தில் சிக்கி, தற்காலிகத் தடுப்பு மாதிரி தண்ணீரைத் தேக்கிவிடும். அது உடையும்போது தேங்கிய தண்ணீர் மொத்தமும் ஒரே அலையாக இறங்கும். 'தண்ணி கொஞ்சம் கொஞ்சமா ஏறும், அதுக்குள்ள ஓடிரலாம்' என்ற நினைப்பு தப்பாகிப் போவது இந்த இடத்தில்தான்.

பழைய குற்றாலம் சொன்ன பாடம்

2024 மே 17. தென்காசி மாவட்டம் பழைய குற்றால அருவியில் சுற்றுலாப் பயணிகள் குளித்துக்கொண்டிருந்தார்கள். பருவமழை இன்னும் தொடங்கவில்லை, கோடை மழைக்காலம்தான். மலை மேல் பெய்த மழையால் திடீரென வெள்ளம் பாய்ந்தது. மக்கள் அலறியடித்து ஓடும் காட்சிகள் நாடு முழுக்கப் பரவின. நெல்லையைச் சேர்ந்த 17 வயது மாணவர் வெள்ளத்தில் அடித்துச் செல்லப்பட்டு உயிரிழந்தார்.

கோவைக்காரர்கள் இதில் கவனிக்க வேண்டியது மாதத்தை. 'சீசன் இல்லையே' என்று நினைக்கும் ஏப்ரல், மே மாதங்களில்தான் இடியுடன் கூடிய மழை குறுகிய நேரத்தில், குறுகிய இடத்தில் கொட்டும். மதியம் வரை வெயில் கொளுத்தும், மூன்று மணிக்கு மேல் மலையில் மேகம் கட்டும். அருவி நூல் மாதிரி வழிந்துகொண்டிருப்பதால் யாருக்கும் சந்தேகமே வராது.

எந்த அருவி எப்படி?

கோவை குற்றாலம்: சிறுவாணி மலையடிவாரத்தில், போளுவாம்பட்டி வனச்சரகத்தில் இருக்கிறது. சிறுவாணி என்றதும் குடிநீர் வரும் அணையோடு பலரும் குழப்பிக்கொள்வார்கள். அணை இருப்பது மலைக்கு அந்தப் பக்கம், கேரள எல்லைக்குள். கோவை குற்றாலத்தில் விழுவதோ நொய்யலின் தலைநீர் ஓடைகளில் ஒன்று. அங்கே வெள்ளம் என்றால் கீழே சித்திரைச்சாவடி அணைக்கட்டில் தண்ணீர் பொங்கும், பேரூர் பக்கமும் கோவைக் குளங்களுக்கும் நீர்வரத்து கிடைக்கும். ஆக, உங்களுக்குத் தடை என்ற செய்தி விவசாயிகளுக்கு நல்ல செய்தி. சாடிவயலில் இருந்து வனத்துறை வாகனத்தில் போய், பிறகு காட்டுவழியில் சிறிது தூரம் நடக்க வேண்டும். திங்கட்கிழமை விடுமுறை. யானை நடமாட்டம் அதிகமுள்ள பகுதி என்பதால், தண்ணீர் குறைவாக இருந்தாலும் அதற்காகவே மூடப்படும் நாட்களும் உண்டு.

கவியருவி: 'மங்கி ஃபால்ஸ்' என்று எல்லோரும் சொல்லும் குரங்கு அருவிக்குத்தான் இந்தப் பெயர். கவி என்றால் தமிழில் குரங்கு என்றும் பொருள் உண்டு. ஆழியாறில் இருந்து வால்பாறை போகும் மலைப்பாதையை ஒட்டியே இருப்பதால் பெரிய நடை கிடையாது, வண்டியை நிறுத்தி இறங்கினால் அருவி. ஆபத்தும் அதனாலேயே கண்ணில் படுவதில்லை. மேலே சக்தி, தலநார் போன்ற எஸ்டேட் பகுதிகளில் பெய்யும் மழை இங்கேதான் இறங்குகிறது. ஆழியாறு அணைக்கட்டில் வெயில் காய்ந்துகொண்டிருக்கும்போதே அருவியில் செந்நிற வெள்ளம் பாய்வது சகஜம். கோடையில் தண்ணீரே இல்லாமல் மூடப்படுவதும் உண்டு.

பஞ்சலிங்க அருவி: உடுமலைப்பேட்டை அருகே திருமூர்த்திமலையில், அமணலிங்கேஸ்வரர் கோயிலுக்கு மேலே சுமார் 1 கி.மீ. ஏறினால் வரும். இதற்குத் தண்ணீர் தருவது மேலே குருமலை, குழிப்பட்டி உள்ளிட்ட மலைக்கிராமங்களைச் சுற்றியுள்ள காடுகள். அங்கே கனமழை பெய்தால் அருவியோடு நிற்காது, கீழே கோயிலையே வெள்ளம் சூழ்ந்துவிடும். வடகிழக்குப் பருவமழைக் காலத்தில், அக்டோபர் முதல் டிசம்பர் வரை, இங்கே கூடுதல் கவனம் வேண்டும்.

சின்னக்கல்லாறு: வால்பாறை பக்கம், ஆனைமலை புலிகள் காப்பகத்துக்குள். மழை அதிகம் என்பதால் பாறை எப்போதும் பாசி பிடித்துக் கிடக்கும், அட்டைக்கும் குறைவில்லை. இது பார்த்து ரசிக்க வேண்டிய இடம், இறங்கிக் குளிக்க வேண்டிய இடம் அல்ல. அனுமதி இருக்கிறதா என்று வால்பாறையில் கேட்டுவிட்டுத்தான் கிளம்ப வேண்டும்.

வைதேகி நீர்வீழ்ச்சி: நரசீபுரம் அருகே இருக்கிறது. 1984-ல் வந்த 'வைதேகி காத்திருந்தாள்' படத்தின் படப்பிடிப்பு நடந்ததால் இந்தப் பெயர் ஒட்டிக்கொண்டது. யானைகள் புழங்கும் காட்டுக்குள் இருப்பதால் வனத்துறை அனுமதியின்றிப் போகக் கூடாது. இன்ஸ்டாகிராம் ரீல்ஸைப் பார்த்துவிட்டுப் பின்வழியாகப் போய் மாட்டிக்கொள்பவர்கள் இன்னமும் இருக்கிறார்கள்.

அணைத் தண்ணீரிலும் கவனம்

மழை மட்டுமே காரணம் என்று நினைக்க வேண்டாம். கோபிசெட்டிபாளையம் அருகே கொடிவேரியில் அருவி மாதிரி விழுவது பவானி ஆற்றுத் தடுப்பணையின் தண்ணீர். மேலே பவானிசாகர் அணையில் இருந்து திறக்கும் அளவைப் பொறுத்துத்தான் இங்கே அனுமதியும் தடையும்.

மேட்டுப்பாளையத்தில் நிலைமை இன்னும் நுட்பமானது. மேலே பில்லூர் அணை இருக்கிறது. மொத்த உயரம் 100 அடி. நீர்மட்டம் 97 அடியை எட்டினாலே பாதுகாப்பு கருதி உபரிநீரைத் திறந்துவிடுவார்கள். அதற்கு எச்சரிக்கை வரும். ஆனால் மின் உற்பத்திக்காகத் தண்ணீர் விடும்போதும் பவானியில் நீர்மட்டம் சட்டென்று ஏறும். முழங்கால் தண்ணீரில் நடந்து ஆற்றின் நடுப்பாறைக்குப் போனவர்கள் திரும்ப வழியில்லாமல் சிக்கிக்கொள்வது இப்படித்தான். வானம் தெளிவாக இருக்கிறது என்பது பவானியில் எந்த உத்தரவாதமும் இல்லை.

தண்ணீரே சொல்லும் அறிகுறிகள்

வெள்ளம் வருவதற்கு முன் ஓடை பெரும்பாலும் சைகை காட்டும். அந்த நேரம் சில நிமிடங்கள்தான் இருக்கும். இவற்றில் ஒன்று தெரிந்தாலும் உடனே மேடான இடத்துக்கு ஏற வேண்டும்:

- தெளிந்த தண்ணீர் கலங்கிச் செம்மண் நிறமாவது.
- இலை, சருகு, சுள்ளிகள் திடீரென மிதந்து வருவது.
- அருவியின் சத்தம் மாறுவது. மேலே இருந்து லாரி வருவது போல் உறுமல் கேட்டால் யோசிக்கவே கூடாது.
- காற்றில் ஈரமண் வாடை தூக்கலாக அடிப்பது.
- சற்று முன் பார்த்த கல் தண்ணீரில் மறைந்துபோவது.
- தண்ணீர் திடீரெனக் குறைவது. மேலே எங்கோ அடைப்பு விழுந்திருக்கலாம்.

ஓடும்போது ஓடை போகும் திசையில் ஓடக் கூடாது. பக்கவாட்டில் மேடு ஏற வேண்டும். செருப்பு, பை, செல்போன் எதையும் எடுக்கத் திரும்பக் கூடாது. அக்கரையில் மாட்டிக்கொண்டால் அங்கேயே உயரமான இடத்தில் காத்திருப்பதுதான் சரி. மழை நின்றால் சில மணி நேரத்தில் வடியும் வெள்ளம்தான் இது. கடக்க முயன்றுதான் பலர் உயிரை விடுகிறார்கள்.

'முட்டி அளவு தண்ணிதானே' என்று நினைப்பவர்களுக்கு ஒரு கணக்கு. தண்ணீரின் வேகம் இரண்டு மடங்கானால், அது உங்கள் காலைத் தள்ளும் விசை நான்கு மடங்காகும். வேகமாக ஓடும் அரை அடித் தண்ணீரே பெரியவர்களைச் சாய்த்துவிடும். காலடியில் பாசிப் பாறை என்றால் கேட்கவே வேண்டாம்.

வெள்ளம் இல்லாத நாளிலும்...

2023 அக்டோபரில், வால்பாறைக்குச் சுற்றுலா போன கோவையைச் சேர்ந்த கல்லூரி மாணவர்கள் 5 பேர் சோலையாற்றில் மூழ்கி உயிரிழந்தனர். ஆறு, அருவி, ஓடை எதுவானாலும் பெரிய ஆபத்து ஆழம்தான்.

அருவி விழும் இடத்தில் காலங்காலமாகத் தண்ணீர் குடைந்து மடு உருவாகியிருக்கும். மேலே பார்த்தால் அமைதியாகத் தெரியும், உள்ளே சுழல் இருக்கும். அருவித் தண்ணீரில் காற்றுக் குமிழ்கள் கலந்திருப்பதால் அது உடலைத் தாங்கிப் பிடிக்கும் திறனும் குறைவு. கிணற்றிலும் நீச்சல் குளத்திலும் நன்றாக நீந்துபவர்களே இங்கே தடுமாறுவார்கள். ஒருவர் மூழ்கினால் அடுத்தவர் காப்பாற்றக் குதிப்பதும், அவரும் சிக்குவதும் திரும்பத் திரும்ப நடக்கிறது. குதிக்காதீர்கள். கயிறு, துப்பட்டா, வேட்டி, நீளமான கம்பு எதையாவது கரையில் இருந்தே நீட்டுங்கள். ட்ரிப்புக்கு ஒரு நீளக் கயிறு எடுத்துப் போவது செலவே இல்லாத பாதுகாப்பு.

நடந்துபோய்ப் பார்க்க ஆசையா?

காட்டுக்குள் நடைபயணம் போக முறையான வழி இருக்கிறது. 2018 மார்ச்சில் தேனி மாவட்டம் குரங்கணியில் காட்டுத்தீயில் சிக்கி மலையேற்றத்துக்குப் போன 23 பேர் உயிரிழந்த பிறகு, மலையேற்ற விதிகள் கடுமையாக்கப்பட்டன. 2024 அக்டோபர் 24-ம் தேதி தமிழ்நாடு அரசு 'ட்ரெக் தமிழ்நாடு' திட்டத்தைத் தொடங்கியது. 14 மாவட்டங்களில் 40 பாதைகள், எளிது, மிதமானது, கடினம் என மூன்று வகை. இணையத்தில் முன்பதிவு செய்ய வேண்டும். பயிற்சி பெற்ற வழிகாட்டிகள் கூட வருவார்கள், அவர்களில் பலர் அந்தந்த மலையைச் சேர்ந்த பழங்குடியினர். சாடிவயல் – சிறுவாணி உட்பட கோவை மாவட்டப் பாதைகளும் இதில் உண்டு. மழை, காட்டுத்தீ காலங்களில் பாதைகள் மூடப்படும்.

அனுமதி இல்லாமல் காப்புக்காட்டுக்குள் நுழைவது தமிழ்நாடு வனச் சட்டம் 1882-ன் கீழ் குற்றம். சரணாலயம், புலிகள் காப்பகம் என்றால் வன உயிரினப் பாதுகாப்புச் சட்டம் 1972-ம் சேர்ந்துகொள்ளும். சட்டத்தை விடுங்கள், நடைமுறைச் சிக்கல் ஒன்று இருக்கிறது. அனுமதியோடு போனால் எத்தனை பேர் உள்ளே போனார்கள், எத்தனை பேர் திரும்பினார்கள் என்று கணக்கு இருக்கும். திருட்டுத்தனமாகப் போனவரைத் தேட வேண்டும் என்பதே யாருக்கும் தெரியாது.

மழைக்காலக் காட்டில் யானை ஆபத்தும் கூடுதல். அருவிச் சத்தத்திலும் மழைச் சத்தத்திலும் கிளை ஒடியும் ஓசை கேட்காது. வழிகாட்டி நில் என்றால் நிற்க வேண்டும், திரும்பு என்றால் திரும்ப வேண்டும். அட்டைக்கு உப்பும், நீளமான சாக்ஸும் போதும்.

கிளம்பும் முன் 5 நிமிடம்

1. வானிலை ஆய்வு மையத்தின் எச்சரிக்கையைப் பாருங்கள். கோவைக்கு மட்டுமல்ல, நீலகிரி, திருப்பூர் மலைப்பகுதிகளுக்கும் சேர்த்து. ஆரஞ்சு, சிவப்பு என்றால் பயணத்தைத் தள்ளிப்போடுங்கள். மஞ்சள் என்றாலும் அருவியில் இறங்கும் திட்டம் வேண்டாம்.

2. கடந்த மூன்று நான்கு நாட்களில் மலையில் எவ்வளவு பெய்தது என்று பாருங்கள். இன்றைய மழையைவிட இது முக்கியம்.

3. அருவி திறந்திருக்கிறதா என்று அன்று காலையே உறுதி செய்யுங்கள். நேற்றைய வாட்ஸ்அப் தகவல் இன்றைக்கு உதவாது.

4. நீலகிரிக்கு 2024 மே முதலும், வால்பாறைக்கு 2025 நவம்பர் முதலும் வெளியூர் வாகனங்களுக்கு இ-பாஸ் தேவை.

5. காலையில் போய் மதியத்துக்குள் திரும்பிவிடுங்கள். எங்கே போகிறீர்கள் என்று வீட்டில் சொல்லிவிட்டுப் போங்கள். மலையில் சிக்னல் கிடைக்காது.

6. அவசர எண்கள்: 112, ஆம்புலன்ஸ் 108, மாவட்டப் பேரிடர் கட்டுப்பாட்டு அறை 1077.

அப்போ எப்பதான் போறது?

தண்ணீரும் வேண்டும், பாதுகாப்பும் வேண்டும் என்றால் அதற்கும் நாள் இருக்கிறது. தென்மேற்குப் பருவமழை ஓய்ந்து வரும் செப்டம்பர் கடைசி வாரங்களும், வடகிழக்குப் பருவமழை முடிந்த டிசம்பர் பின்பாதியும் ஜனவரியும் பார்க்கலாம். மழை நின்று இரண்டு மூன்று நாள் வெயில் அடித்த பிறகும் அருவி ஓடிக்கொண்டிருக்கும். சோலைக்காடு உறிஞ்சி வைத்த தண்ணீரைக் கொஞ்சம் கொஞ்சமாக விட்டுக்கொண்டிருக்கும் நேரம் அது. தண்ணீர் கண்ணாடி மாதிரி தெளிந்திருக்கும்.

அதுவரை, சோதனைச்சாவடியில் "இன்னைக்கு வேண்டாமுங்க, மேல பேயுது" என்று ஊழியர் சொன்னால் வாக்குவாதம் வேண்டாம். அவருக்கு வயர்லெஸ்ஸில் மேலே இருந்து தகவல் வந்திருக்கும். புளிசாதத்தை வழியில் எங்காவது மரநிழலில் சாப்பிட்டுவிட்டு வீடு திரும்பலாம். அருவி அடுத்த வாரமும் அங்கேயேதான் இருக்கும்.